அடி, முதுமை, குடி: கொங்கு மாவட்டங்களில் உதவி தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், நீலகிரி மாவட்டங்களில் வீட்டு வன்முறைக்கும், முதியோர் புறக்கணிப்புக்கும், குடிநோய்க்கும் உதவி தேடி வருவோர் பல நேரங்களில் மூன்று வெவ்வேறு வீடுகளைச் சேர்ந்தவர்களாக இருப்பதில்லை. ஒரே வீட்டில் மகன் குடிக்கிறார், மருமகள் அடிபடுகிறார், மாமியாரின் ஓய்வூதியப் பணம் ஏடிஎம் அட்டையோடு சேர்ந்து காணாமல் போகிறது. ஆனால் உதவி மட்டும் சமூக நல அலுவலகம், கோட்டாட்சியர் அலுவலகம், அரசு மருத்துவமனை என்று மூன்று இடங்களில் பிரிந்து கிடக்கிறது. எந்தக் கதவை முதலில் தட்டுவது என்று தெரியாததாலேயே எந்தக் கதவையும் தட்டாமல் ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொண்டு இருப்பவர்களுக்காக இந்தக் கேள்விகளும் பதில்களும் தொகுக்கப்பட்டிருக்கின்றன.

எல்லாப் பிரச்சினையும் ஒன்றாக இருக்கிறது. முதலில் யாரை அழைப்பது?

அடி விழுந்துகொண்டிருக்கும் நேரத்தில், அல்லது விழப்போகிறது என்று தெரியும் நேரத்தில், 112 அல்லது 100. காயமோ, வலிப்போ, மயக்கமோ இருந்தால் 108. அந்த நேரம் கடந்த பிறகு, பெண்களுக்கு 181, அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு 14567, குழந்தைகளுக்கு 1098, குடியைப் பற்றியும் மனநிலையைப் பற்றியும் பேச 14416 அல்லது 104, போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, இலவச சட்ட உதவிக்கு 15100. இவற்றுக்குக் கட்டணம் இல்லை. 14567 காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை இயங்கும். 181-ம் 14416-ம் இரவு பகல் எந்நேரமும் இயங்கும்.

இத்தனை எண்களையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பெண்ணாக இருந்தால் 181, முதியவராக இருந்தால் 14567, இந்த இரண்டில் ஒன்று நினைவில் இருந்தால் போதும்; மற்ற அலுவலகங்களுக்கு வழிகாட்டுவது அவர்களுடைய வேலையின் ஒரு பகுதி.

181-ஐ அழைத்தால் என்ன கேட்பார்கள்? வீட்டில் தெரிந்துவிடாதா?

இப்போது பேசுவதற்குப் பாதுகாப்பான இடத்தில் இருக்கிறீர்களா, எந்த மாவட்டம், காயம் இருக்கிறதா, குழந்தைகள் யாரிடம் இருக்கிறார்கள் என்பவைதான் முதலில் தெரிய வேண்டியவை. பெயரைச் சொல்லத் தயக்கமாக இருந்தால் அந்தத் தயக்கத்தையே முதல் வாக்கியமாகச் சொல்லிவிடலாம். "இன்னும் என்ன செய்வது என்று முடிவு செய்யவில்லை, என்னென்ன வழி இருக்கிறது என்று மட்டும் தெரிய வேண்டும்" என்று கேட்பதற்கும் அந்த எண் இருக்கிறது. அழைத்துவிட்டாலே வழக்குப் போட்டாக வேண்டும் என்பதில்லை. வீட்டில் கைப்பேசியை எடுத்துப் பார்க்கும் வழக்கம் இருந்தால், பேசி முடித்ததும் அழைப்புப் பதிவை அழித்துவிடுங்கள். அல்லது நம்பிக்கையான ஒருவரின் கைப்பேசியிலிருந்து அழையுங்கள்.

குடித்தால்தான் அடிக்கிறார். மற்ற நேரத்தில் தங்கமான மனிதர். குடியை நிறுத்த வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடாதா?

நம் பக்கத்தில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். அதிகக் காலம் வீணாவதும் இந்த நம்பிக்கையில்தான். குடி கையை ஓங்குவதை எளிதாக்குகிறது, அடியைக் கடுமையாக்குகிறது. ஆனால் அதே மனிதர் குடித்த நிலையில் டாஸ்மாக் கடைக்காரரையோ, முதலாளியையோ, பஸ் கண்டக்டரையோ அடிப்பதில்லை, வீட்டுக்கு வந்து மனைவியைத்தான் அடிக்கிறார் என்றால், யாரை அடிக்கலாம் என்ற தேர்வு குடிக்கு முன்பே நடந்துவிட்டது. குடியை நிறுத்திய பிறகும் மிரட்டலும், சந்தேகமும், பணத்தைப் பிடுங்கி வைப்பதும் தொடரும் வீடுகள் உண்டு.

ஆகையால் இரண்டையும் தனித்தனியாக நடத்த வேண்டும் என்பதே எங்கள் உறுதியான கருத்து. அவருக்குச் சிகிச்சை தேடுவது ஒரு வேலை. உங்களுக்கும் குழந்தைகளுக்கும் பாதுகாப்புத் தேடுவது வேறு வேலை. முதல் வேலைக்கு அவருடைய ஒத்துழைப்பு வேண்டும், மாதங்களும் ஆண்டுகளும் பிடிக்கலாம். இரண்டாவதற்கு அவருடைய சம்மதம் தேவையே இல்லை. முதலாவது முடியட்டும் என்று இரண்டாவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஜெயில், கேஸ் என்று போக மனமில்லை. அப்படியும் பாதுகாப்புக் கிடைக்குமா?

கிடைக்கும். பெண்களைக் குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம், கணவரைச் சிறைக்கு அனுப்புவதை முதல் நோக்கமாகக் கொண்டதன்று. இனி அடிக்கக் கூடாது, வேலை செய்யும் இடத்துக்கு வந்து தொல்லை தரக் கூடாது, வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது, மாதச் செலவுக்குப் பணம் தர வேண்டும், நகையைத் திருப்பித் தர வேண்டும், குழந்தைகள் தற்காலிகமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்றெல்லாம் நீதிமன்றத்திடம் உத்தரவு கேட்கலாம். அவசரமென்றால் இடைக்கால உத்தரவும் கேட்கலாம். அந்த உத்தரவை மீறினால்தான் அது குற்றமாகிறது. அதற்கு ஓராண்டு வரை சிறை அல்லது ரூ.20,000 வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

இதற்கு ஒவ்வொரு மாவட்டத்திலும் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் அவரைப் பார்த்து நடந்ததைச் சொன்னால், குடும்ப நிகழ்வு அறிக்கை ஒன்றை அவர் எழுதி நீதித்துறை நடுவருக்கு அனுப்புவார். முதல் விசாரணையைச் சாதாரணமாக மூன்று நாட்களுக்குள் வைக்க வேண்டும் என்றும், 60 நாட்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் தாமதமாகலாம் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையென்றால், நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்ணுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு.

அடி மட்டும்தான் வன்முறை என்பதில்லை. கெட்ட வார்த்தையால் தினமும் திட்டுவது, பெண் பிள்ளையைப் பெற்றாய் என்று குத்திக் காட்டுவது, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, சீராகக் கொண்டுவந்த நகையை அடகு வைத்துக் குடிப்பது ஆகிய எல்லாவற்றையும் இந்தச் சட்டம் வன்முறை என்றே சொல்கிறது. மனைவி மட்டுமல்லாமல், மகனிடம் அடிபடும் தாயும், அண்ணனிடம் அடிபடும் தங்கையும் இதே சட்டத்தின்கீழ் மனுக் கொடுக்கலாம்.

காவல் நிலையத்துக்குப் போனால் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சமாதானம் பேசி அனுப்பிவிடுகிறார்களே?

வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். தேதி, நேரம், எதனால் அடித்தார், எங்கே காயம், யார் பார்த்தார்கள் என்று ஒரே பக்கத்தில் எழுதி, நகல் எடுத்து வைத்துக்கொண்டு கொடுங்கள், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். அந்த ரசீது இருந்தால்தான் நீங்கள் அந்த நாளில் அங்கே போனதற்குச் சான்று இருக்கும். கணவராலும் அவருடைய உறவினர்களாலும் நடத்தப்படும் கொடுமை, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 85-ஆம் பிரிவில் வருகிறது. பழைய 498-ஏ தான் அது. எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். ஆகவே தாராபுரத்தில் அடிபட்டவர் பிறந்த வீடான பவானிக்கு வந்த பிறகும் அங்கேயே கொடுக்கலாம். பதிவு செய்ய மறுத்தால், புகாரின் சாரத்தை எழுத்தில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்பச் சட்டம் வழி செய்திருக்கிறது. திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் மனுக் கொடுக்கலாம்.

ஊர்ப் பெரியவர்களும் பங்காளிகளும் சேர்ந்து பேசும் சமாதானத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நல்லெண்ணத்தோடு பேசுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் "இனிமேல் தொட மாட்டான்" என்று அவர்கள் வாங்கித் தரும் வாக்குறுதி மீறப்பட்டால் கேட்பதற்கு யாரும் பொறுப்பில்லை. நடுவரின் உத்தரவு மீறப்பட்டால் பொறுப்பு இருக்கிறது.

காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன சொல்ல வேண்டும்?

நடந்ததைச் சொல்லுங்கள். "பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டேன்" என்று சொன்னால் அதுவே பதிவாகும். பின்னால் நீங்கள் என்ன சொன்னாலும் எதிர்த்தரப்பு அந்தத் தாளைத்தான் நீட்டும். அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் யார், எப்போது, எதைக்கொண்டு அடித்தார் என்று கேட்டு, ஏ.ஆர். என்ற விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். ஏ.ஆர். போடச் சொல்லிக் கேளுங்கள், எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காயத்தைத் தேதி தெரியும்படி படம் எடுத்து, உங்கள் கைப்பேசியில் மட்டும் வைக்காமல் நம்பிக்கையான ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

வீட்டை விட்டு வெளியே வந்துவிட்டால் உரிமை போய்விடுமா? எங்கே தங்குவது?

உரிமை போகாது. உயிருக்குப் பயந்து வெளியேறியதைக் காரணமாக்கி, நீங்களாகவே போய்விட்டீர்கள் என்று கதவை அடைத்துவிட முடியாது. வசித்த வீட்டில் வசிக்கும் உரிமையை, வீடு யார் பெயரில் இருந்தாலும், 2005-ஆம் ஆண்டுச் சட்டம் தருகிறது. தங்குவதற்கு, சகி என்று அழைக்கப்படும் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் சில நாட்கள், சாதாரணமாக ஐந்து நாட்கள் வரை, இடம் உண்டு. மருத்துவம், காவல், சட்டம், மன ஆலோசனை ஆகியவற்றை ஒரே இடத்தில் சேர்த்துத் தருவதற்காகவே அந்த மையம் இருக்கிறது. அதற்கு மேல் தேவைப்பட்டால் பெண்களுக்கான இல்லங்களுக்கு அங்கிருந்தே அனுப்புவார்கள்.

புறப்படுவதற்கு முன் ஒரு நாள் அவகாசம் கிடைக்குமானால், ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், குழந்தைகளின் பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, நகை அடகு ரசீது, மருந்துச் சீட்டு ஆகியவற்றின் நகலை உறவினர் அல்லாத ஒருவர் வீட்டில் வைத்துவிடுங்கள். உறவினர் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம், தேடி வருபவர்கள் முதலில் போகும் வீடு அதுதான்.

மில் விடுதியிலோ பனியன் கம்பெனியிலோ மேற்பார்வையாளர் தொல்லை கொடுத்தால்?

அதுவும் இதே கணக்கில் சேர்ந்ததுதான். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்று, பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. குழுவே இல்லாத சிறிய பட்டறை என்றாலோ, முதலாளியே தொல்லை கொடுப்பவர் என்றாலோ, மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாத பெண் என்றால் உடனடியாக 1098.

கணவரை இன்றே குடியை விடச் சொல்லலாமா?

பல ஆண்டுகளாக நாள்தோறும் குடிப்பவர் என்றால், மருத்துவரைப் பார்க்காமல் ஒரே நாளில் நிறுத்தச் சொல்லாதீர்கள். காலையில் கண் திறந்ததும் கை நடுங்குகிறது, ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் டம்ளரைப் பிடிக்க முடிகிறது என்ற நிலை இருந்தால், உடல் மதுவுக்கு அடிமைப்பட்டுவிட்டது என்று பொருள். அப்படிப்பட்டவர் திடீரென்று நிறுத்தும்போது, முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாட்களில், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று தட்டுவது, நேரமும் இடமும் தெரியாமல் போவது, காய்ச்சல், பெருவியர்வை ஆகியவை வரலாம். இதைப் பேய்க் கோளாறு என்று மந்திரிக்கக் கூட்டிப்போகும் வழக்கம் இன்றும் இருக்கிறது. இது உயிரைப் பறிக்கக் கூடிய மருத்துவ அவசரநிலை. 108-ஐ அழைக்க வேண்டும்.

மாலை போட்டு விரதமிருக்கும்போதும், காய்ச்சலில் படுக்கும்போதும், வேறு காரணத்துக்காக மருத்துவமனையில் சேர்க்கும்போதும் இப்படி நடக்கலாம். அறுவை சிகிச்சைக்குச் சேர்க்கும்போது, மருத்துவரிடம் அவர் குடிக்கும் அளவை வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். சிகிச்சையின் தொடக்கத்தில் நடுக்கத்தைக் கட்டுப்படுத்தும் மாத்திரைகளும், மூளையைக் காக்கும் தயமின் என்ற பி1 வைட்டமினும் கொடுப்பார்கள். பிறகுதான் குடிக்கும் ஆசையைக் குறைக்கும் மருந்தும் ஆலோசனையும்.

தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மருந்து விற்கிறார்களே, வாங்கலாமா?

வேண்டவே வேண்டாம். டைசல்ஃபிராம் என்ற மருந்து, சாப்பிட்டவர் மதுவைத் தொட்டால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, மூச்சு வாங்கி, ரத்த அழுத்தம் இறங்கும்படி செய்வது. இதய நோயோ கல்லீரல் நோயோ உள்ளவருக்கு அது உயிருக்கே ஆபத்து. நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, மருத்துவர் பார்வையில் மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து அது. பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்றே எழுதாமல் மூலிகை என்று விற்பதை வாங்கிச் சாம்பாரில் கலக்கும் மனைவி, தான் அறியாமலேயே கொலைப் பழிக்கு ஆளாகும் நிலைகூட வரலாம்.

சிகிச்சைக்கு எங்கே போவது? செலவாகுமா?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இலவசம். கோவையிலும், பெருந்துறையிலும், கரூரிலும், 2022 ஜனவரியில் தொடங்கப்பட்ட கல்லூரிகளோடு சேர்ந்த திருப்பூர், நாமக்கல், உதகை மருத்துவமனைகளிலும் கேட்கலாம். புறநோயாளிச் சீட்டுப் போடும் இடத்தில் "மனநலப் பிரிவு" என்று சொன்னால் போதும். குடிக்குத் தனிப் பிரிவைத் தேடி அலைய வேண்டாம். 2025-இல் தமிழக அரசு கலங்கரை என்ற பெயரில் 25 ஒருங்கிணைந்த போதை மீட்பு மறுவாழ்வு மையங்களைத் தொடங்கியது. உங்களுக்கு அருகில் இருப்பதை 104-இல் கேட்டுக்கொள்ளலாம்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற, 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய, குடியிலிருந்து மீண்டவர்களும் மீள விரும்புபவர்களும் கூடிப் பேசும் அமைப்பின் கூட்டங்கள் தமிழிலும் நடக்கின்றன. கட்டணம் இல்லை, பெயரையும் ஊரையும் யாரும் கேட்பதில்லை. குடிப்பவரின் குடும்பத்தாருக்கு அல்-அனான் என்ற கூட்டங்கள் தனியாக உண்டு. அவர் போகாவிட்டாலும் நீங்கள் போகலாம்.

அவர் வர மறுக்கிறார். ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு போகும் தனியார் மையங்கள் இருக்கின்றனவே?

குடும்பம் எந்த அளவுக்கு ஓய்ந்துபோனால் இந்த முடிவுக்கு வரும் என்பது எங்களுக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் சில விஷயங்களைப் பாருங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ், மதுவால் வரும் மனநிலைப் பாதிப்புக்கும் சிகிச்சை தரும் மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் கேளுங்கள். மனநல மருத்துவர் எந்தெந்த நாட்களில் வருகிறார், இரவில் வலிப்பு வந்தால் யார் பார்ப்பார், வீட்டார் எப்போது நேரில் பார்க்கலாம் என்று கேளுங்கள். மூன்று மாதத்துக்கு யாரும் பார்க்க வரக் கூடாது, கைப்பேசியில் பேசக் கூடாது என்று சொல்லும் இடத்தில் விடாதீர்கள். சங்கிலியால் கட்டுவதைச் சட்டம் முற்றிலும் தடை செய்திருக்கிறது.

தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கும் நிலையில் ஒருவர் இருந்தால், மனநல மருத்துவர் ஒருவரும் மற்றொரு தகுதியுள்ளவரும் தனித்தனியே பார்த்துச் சான்றளித்தபின், அவர் விரும்பாவிட்டாலும் 30 நாட்கள் வரை சேர்த்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்த வழியை மனநலப் பிரிவில் கேளுங்கள். மற்றபடி, போதையில் இருக்கும்போது வாதாடாமல், காலையில் தெளிந்திருக்கும்போது, நேற்று நடந்த ஒரே ஒரு சம்பவத்தை மட்டும் எடுத்துப் பேசுவது பலன் தருகிறது. மொத்தக் கணக்கையும் ஒரே நாளில் தீர்க்க முயன்றால் அவர் எழுந்து போய்விடுவார்.

சிகிச்சை முடிந்து வந்தவர் திரும்பவும் குடித்துவிட்டார். எல்லாம் வீண்தானா?

இல்லை. திரும்பக் குடிப்பது இந்த நோயில் அடிக்கடி நடப்பது. சர்க்கரை நோயாளிக்கு மறுபடியும் சர்க்கரை ஏறினால் மருத்துவரிடம்தானே போகிறோம். அதே வாரத்தில் அதே மருத்துவரிடம் போங்கள்.

எங்கள் ஊரில் விடியற்காலையிலேயே சந்துக்கடையில் சரக்கு கிடைக்கிறது. யாரிடம் சொல்வது?

டாஸ்மாக் கடைகளின் நேரம் பகல் 12 மணி முதல் இரவு 10 மணி வரை மட்டுமே. அதற்கு வெளியே விற்பது சட்டவிரோதம். 10581 என்ற எண்ணில் தெரிவிக்கலாம். 21 வயதுக்கு உட்பட்டவருக்கு விற்பதும் குற்றம்.

தோட்டத்தையும் வீட்டையும் மகன் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். இப்போது சோறு போட மறுக்கிறான். திரும்ப வாங்க முடியுமா?

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டது. அதன் 23-ஆம் பிரிவின்படி, அடிப்படைத் தேவைகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, வாங்கியவர் கவனிக்கத் தவறினால், அந்தப் பத்திரம் செல்லாது என்று, இந்தச் சட்டத்தின்கீழ் கோட்டாட்சியர் நடத்தும் தீர்ப்பாயம் அறிவிக்கலாம். சிக்கல் அந்த நிபந்தனையில்தான் இருக்கிறது. நம் பக்கத்தில் எழுதப்படும் தான செட்டில்மெண்ட் பத்திரங்களில் "அன்பின் காரணமாக" என்று ஒரு வரி இருக்கும். கடைசி வரை சோறும் மருந்தும் தர வேண்டும் என்ற வரி இருக்காது. அந்த நிபந்தனை இருந்ததைக் காட்டியாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் சொன்னது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், முதியோர் நலனுக்காக வந்த இந்தச் சட்டத்தை அவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகப் படிக்க வேண்டும் என்று சொல்லி, தாய் கொடுத்த சொத்தை அவருக்கே திருப்பித் தந்தது. ஆகவே பத்திரத்தில் அந்த வரி இல்லை என்பதற்காக மனுக் கொடுக்காமல் இருந்துவிட வேண்டாம்.

இன்னும் எழுதிக் கொடுக்காதவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. சார்பதிவாளர் அலுவலகத்தில் கைநாட்டு வைப்பதற்கு முன், பத்திரத்தை உங்களுக்கு வேண்டிய வேறொருவரைக்கொண்டு உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் தந்து பராமரிக்க வேண்டும், தவறினால் பத்திரம் ரத்தாகும் என்ற வாசகமும், உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமை உங்களுக்கே என்ற வாசகமும் அதில் இருக்க வேண்டும். "எங்களை நம்பவில்லையா" என்று பிள்ளைகள் வருத்தப்பட்டால் படட்டும். கொடுப்பதற்கு முன் வரும் வருத்தம் சில நாளில் ஆறிவிடும்.

பராமரிப்பு மனுவை எங்கே கொடுப்பது? வக்கீல் வேண்டுமா?

வருவாய்க் கோட்டாட்சியரிடம், அதாவது ஆர்.டி.ஓ. அலுவலகத்தில். பொள்ளாச்சிப் பக்கத்தவருக்குப் பொள்ளாச்சியிலும், அந்தியூர், சத்தியமங்கலம் பக்கத்தவருக்குக் கோபியிலும், காங்கயம் பக்கத்தவருக்குத் தாராபுரத்திலும் கோட்டாட்சியர் அலுவலகம் இருக்கிறது. சாதாரண வெள்ளைத் தாளில், யார் யார் பிள்ளைகள், என்ன தொழில், எந்தச் சொத்து யாருக்குப் போனது, மாதம் மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் என்ன செலவு என்று எழுதினால் போதும். வழக்கறிஞர் இல்லாமல் நடத்தவே அந்தத் தீர்ப்பாயம் வடிவமைக்கப்பட்டது. நடக்க முடியாதவருக்காக அவர் அனுமதி பெற்ற வேறொருவர் கொடுக்கலாம். 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும், மாதம் ரூ.10,000 வரை பராமரிப்புத் தொகை வழங்க உத்தரவிடலாம். உத்தரவு திருப்தியாக இல்லையென்றால் பெற்றோர் 60 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். மகள்களும் இந்தப் பொறுப்பில் அடக்கம். பிள்ளை இல்லாதவராக இருந்தால், அவருடைய சொத்தை வைத்திருக்கும் அல்லது பிற்பாடு அடையப்போகும் உறவினர் பராமரிக்க வேண்டும்.

குடிக்கும் மகனை வெளியேற்ற மனுக் கொடுத்தால் மருமகளும் பேரப்பிள்ளைகளும் தெருவுக்கு வந்துவிடுவார்களே?

இப்படிக் கவலைப்படும் மாமியார்கள் இருக்கிறார்கள். மருமகளைத் துரத்துவதற்காகவே மகன் தன் தாயின் பெயரில் மனுப் போட வைப்பதும் நடக்கிறது. பெங்களூரைச் சேர்ந்த ஒரு வழக்கில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இரண்டு சட்டங்களையும் சேர்த்துப் படித்தது. முதியோர் சட்டத்தைப் பயன்படுத்தி, மருமகளுக்குக் குடும்ப வன்முறைச் சட்டம் தரும் வசிப்பிட உரிமையை இல்லாமல் செய்துவிட முடியாது என்று சொன்னது. ஆகையால் வெளியேற வேண்டியவர் மகன் மட்டுமே என்றால், தாய் தன் மனுவில் அதைத் தெளிவாக எழுதலாம். மாமியாரும் மருமகளும் சேர்ந்து போய்ப் பாதுகாப்பு அலுவலரிடம் ஒரே நாளில் இருவருமே மனுக் கொடுக்கவும் தடையில்லை. அப்படிச் சேர்ந்து வருபவர்களின் பேச்சுக்கு வலு அதிகம்.

முதியோர் ஓய்வூதியம் எவ்வளவு? மகன் அட்டையைப் பிடுங்கிக்கொண்டால்?

2023 ஆகஸ்ட் முதல் மாதம் ரூ.1,200. வட்டாட்சியர் அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தின் தனி வட்டாட்சியரிடமோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பிக்கலாம். அட்டையைப் பிடுங்கிக்கொண்டால் வங்கிக் கிளையில் அந்த அட்டையை முடக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு, கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் முறைக்கு மாறிக்கொள்ளுங்கள். பணம் வந்த நாளில் அருகில் நம்பிக்கையான ஒருவர் இருக்கட்டும்.

அப்பாவும் அம்மாவும் தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறார்கள். நான் வெளிநாட்டில் இருக்கிறேன். என்ன ஏற்பாடு செய்யலாம்?

பல்லடம் அருகே 2024-லும் சிவகிரி அருகே 2025-லும் தோட்டத்து வீடுகளில் நடந்த கொலைகளுக்குப் பிறகு இந்தப் பயம் ஒவ்வொரு சாளையிலும் இருக்கிறது. எல்லைக்குட்பட்ட காவல் நிலையத்தில் பெற்றோரின் பெயர், தோட்டத்துக்குப் போகும் வழி, உங்கள் எண் ஆகியவற்றை எழுதிக் கொடுத்து ரோந்துப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். காவல் உதவி செயலியை அவர்களுடைய கைப்பேசியில் போட்டு, ஒருமுறை அழுத்திக் காட்டிப் பழக்குங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. படுக்கையில் இருப்பவருக்கு இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தனிமையில் இருக்கும் அப்பா மாலையில் குடிக்கத் தொடங்கியிருக்கலாம். இளம் வயதில் தாங்கிய அளவை முதிய உடல் தாங்காது; சர்க்கரை மாத்திரை, தூக்க மாத்திரையோடு சேரும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிவதும், மறதியாகத் தெரிவதும் அதனால் இருக்கலாம். வயதாகிவிட்டது, குடித்துவிட்டுப் போகட்டும் என்று விடாமல், மருந்துச் சீட்டோடு மருத்துவரிடம் காட்டுங்கள். முதியவருக்கு நடுக்கம் தொடங்கினால் வீட்டில் வைத்து நிறுத்த முயலவே கூடாது.

பக்கத்து வீட்டில் அடிக்கும் சத்தம் கேட்கிறது. அவர்கள் குடும்ப விஷயத்தில் நான் தலையிடலாமா?

தலையிடலாம். வன்முறை நடந்தது, நடக்கிறது, நடக்கப்போகிறது என்று நம்பக் காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்கலாம். நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர் மீது அதற்காக வழக்குப் போட முடியாது என்று சட்டமே சொல்கிறது. குழந்தை மீதான பாலியல் கொடுமை என்றால், தெரிந்தும் சொல்லாமல் இருப்பதுதான் குற்றம். சண்டை நடக்கும் நேரத்தில் 112-ஐ அழைத்துவிட்டு, ஆள் வரும்வரை இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வாசலில் நின்று கூப்பிடுங்கள். தனியாக உள்ளே போகாதீர்கள். மறுநாள் அந்த அம்மாவைத் தண்ணீர் பிடிக்கும் இடத்திலோ ரேஷன் கடையிலோ தனியாகப் பார்க்கும்போது, ஏன் இன்னும் அவரோடு இருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டாம். 181 என்ற எண்ணைச் சொல்லிவிட்டு, "என் போனில் இருந்து பேசுங்க" என்று சொன்னால் போதும்.